கதவுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்

நவம்பர் 14

மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால் வெளியே இருட்டு. ரஷ்யாவின் இந்தக் கலினின்கிராத்தில் நவம்பர் வந்தால் சூரியனுக்கு அரைநாள் லீவு. பேச ஆள் கிடையாது. இவர் கப்பல் கட்டும் இடத்துக்குப் போனால் ராத்திரிதான் வருகிறார். வேலை, கேபிள் மேற்பார்வை. புருஷன் பெயரை எழுதினால் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்வாள். அந்தக் கணக்கெல்லாம் சங்கரன்கோவிலோடு சரி. ஆவுடையப்பன், ஆவுடையப்பன், ஆவுடையப்பன். எழுதியாயிற்று. அவர் சட்டைக் காலரை இன்னும் தேய்த்துத் துவைக்கவில்லை.

இன்று வீட்டுக்கார அம்மா நீனா அர்க்காதியெவ்னாவோடு டிராமில் சந்தைக்குப் போனேன். கீழ்வீட்டில் அவள், மாடியில் நாங்கள். நான் கூப்பிடுவது நீனாம்மா. அவள் என்னைக் கூப்பிடுவது மகளே. அவள் பேசுவது ரஷ்யன்தான். நான் எழுதும்போது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது, என்ன செய்ய.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் பாதியில் நிற்கும் பெரிய கான்கிரீட் கட்டடத்தைக் காட்டினாள். "அதுக்குப் பக்கத்துல பள்ளம் தெரியுதுல்லா? அங்கதான் ராஜா அரண்மனை இருந்துது."

"எந்த ராஜா?"

"எத்தனையோ ராஜா. எழுநூறு வருஷத்துக்கு முன்னால ஜெர்மன்காரப் படைவீரங்க குன்று மேல கோட்டை கட்டுனாவ. அப்போ இந்த ஊருக்குப் பேரு கோனிக்ஸ்பெர்க், ராஜாவோட குன்றுன்னு அர்த்தம். பிரஷ்யாவோட முதல் ராஜா இங்கதான் முடி சூட்டுனான். அடியில ஒரு நிலவறை. ஒரு காலத்துல அங்க ஆளைப் போட்டு வதைச்சாவளாம். பிறகு அதே இடத்துல திராட்சை மது வித்தாவ."

"நல்ல யாவாரம்."

சிரித்தாள். யுத்தத்தில் இங்கிலீஷ்காரன் விமானம் குண்டு போட்டு எரித்ததாம். மிச்சத்தை ரஷ்யப் படை பீரங்கியால் அடித்தது என்றாள். அப்புறமும் மொட்டைச் சுவராகவே இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. "இடிக்காதீங்கன்னு படிச்ச பிள்ளைங்க எழுதிப் போட்டாவ. யாரு கேட்டா? அறுபத்தெட்டுல வெடி வச்சாவ. எங்க வீட்டுச் சன்னல் கண்ணாடி வாரக்கணக்கா அதிர்ந்துது."

கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். வாஸ்யா தாத்தா, அவள் புருஷன், போன டிசம்பரில் செத்துப்போனார். அவர் ஞாபகம் வந்திருக்கும். முட்டைக்கோஸ் விலை ஏறிவிட்டது.

நவம்பர் 19

நீனாம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். மகன் கோஸ்த்யா வந்து பாய்லரைப் பார்த்துக்கொள்வான் என்றாள். அவன் டாக்ஸி ஓட்டுகிறவன். நல்லவன்தான், குடிக்காத நேரத்தில். அந்த நேரம் எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியாது.

நவம்பர் 24

நல்ல வேலை நடந்த நாள். செவ்வாய்க்கிழமை திருக்கார்த்திகை. குத்துவிளக்கை இறக்கிப் பார்த்தால் கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த விளக்குப்பொடி எப்போதோ தீர்ந்துவிட்டது. இங்கே கடையில் கேட்டால் ஏதோ ஒரு களிம்பைக் கொடுக்கிறார்கள். அந்த நாற்றத்தில் சாமி வருமா?

புளி இருக்கிறது. செங்கல்பொடி கிடைத்தால் போதும். பின்பக்கப் படிக்கட்டில் நிலவறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒரு பழைய செங்கல் கிடக்கும். நம் ஊர்ச் செங்கல் இரண்டு சேர்ந்த கனம். சுமந்துகொண்டு மேலே வந்தேன். அடிப்பக்கம் திருப்பினால் ஒரு நாய்க்கால் பதிந்திருக்கிறது, நான்கு விரலும் உள்ளங்காலுமாக. எங்கள் ஊர்ச் சூளையிலும் இப்படித்தான், காயப்போட்ட பச்சைக்கல்மேல் நாய் ஓடிவிடும். எந்தத் தேசமானால் என்ன, நாய் நாய்தான்.

அந்தப் பக்கம் கொஞ்சம் பொலபொலவென்று இருந்தது. சாக்கை விரித்துச் சுத்தியலால் அங்கேயே போட்டேன். கால்தடத்தோடு பாதிக் கல் நொறுங்கியது. அம்மிக்குழவி இல்லாத குறைக்குப் பூரிக்கட்டையால் உருட்டிச் சலித்தேன். மாவு மாதிரி, என்ன நிறம்! புளியோடு சேர்த்துத் தேய்த்ததும் விளக்கு பொன்னாகிவிட்டது. இவர் வந்து பார்த்து, "புதுசா வாங்குனியா கோமு?" என்றார். மிச்சப் பாதிக் கல்லைக் கதவடியிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கோஸ்த்யா வந்தான். நல்ல போதை. படிக்கட்டில் தடதடவென்று விழுந்த சத்தம் கேட்டது. இவர் போய்த் தூக்கி உட்காரவைத்தார். அங்கேயே தூங்கிவிட்டான்.

நவம்பர் 27

கார்த்திகை. அகலுக்குப் பதில் டீக்கோப்பைத் தட்டுகளில் திரி போட்டேன். பொரி உருண்டை சரியாக வரவில்லை. குத்துவிளக்கு மட்டும் நின்று எரிந்தது. இவர் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். மாமியாரே பாராட்டிவிட்டாள். தேதி குறித்து வைக்க வேண்டிய விஷயம்.

நவம்பர் 30

நீனாம்மா வந்துவிட்டாள். வந்ததும் பின்கட்டிலிருந்து ஒரு கூப்பாடு. கால் தவறி விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். நிலவறைக் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாதிச் செங்கல்.

"யாரு உடைச்சா? யாரு மகளே உடைச்சா இதை?"

வெறும் செங்கல்தானே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அது அரண்மனைச் செங்கலாம். அறுபத்தெட்டில் வெடி வைக்கச் சுவரில் துளை போட்டவர்களில் வாஸ்யா தாத்தாவும் ஒருத்தர். இளவட்டம், வேலை கொடுத்தார்கள், செய்தார். ஒரு கோபுரம் விழுந்த அன்று இடிபாட்டில் நாய்க்கால் பதிந்த இந்தக் கல்லைப் பார்த்து, கோட்டுக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கால்தடம் தெரியாமல் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சாகப்போகும்போதுதான் பெண்டாட்டியிடம் சொன்னாராம். "எடுத்த இடத்துல திருப்பிப் போட்டுரு நீனா. அத்தனையும் இடிச்சேன். அந்த நாயோட காலையாவது திருப்பிக் குடுத்துரு."

அவர் வைத்த இடத்தை விட்டு எடுக்க மனசு வராமல் வருஷத் திவசம் வரட்டும் என்று இருந்திருக்கிறாள். டிசம்பர் பதினாலு.

"நான் இல்லாதப்போ யாரு வந்தா?" என்று கேட்டாள்.

"கோஸ்த்யா வந்திருந்தார்" என்றேன்.

வந்திருந்தான்தானே. கேட்டதற்குப் பதில் சொன்னேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

"குடிச்சிருந்தானா?"

ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதான். மேலே வந்து சாம்பார் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 1

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

விளக்கைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலடியில் வைத்தேன். தூசி படியாமல் இருக்கட்டும் என்றுதான்.

டிசம்பர் 2

கோஸ்த்யாவை வரச்சொல்லி நீனாம்மா சத்தம் போட்டதை வீடே கேட்டது. நான் மாடிப்படியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றேன். ஏற்கெனவே காய்ந்த துணி.

"உங்கப்பா கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான்! பின்கட்டெல்லாம் குப்பை, தூக்கி எறின்னு நீதானேடா கத்திக்கிட்டு இருந்தே?"

அவன் கத்துவான், இல்லை என்பான், எங்கே சாட்சி என்பான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"ஞாபகம் இல்லம்மா. விழுந்தது ஞாபகம் இருக்கு. உடைச்சது ஞாபகம் இல்ல. உடைச்சிருப்பேன்."

"துண்டெல்லாம் எங்க?"

"பெருக்கிப் போட்டிருப்பேன். எனக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே."

நீனாம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றாள். அவன் படியில் கொஞ்ச நேரம் நின்றான். என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கும் அன்னைக்குத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்றான்.

என்னிடம்! என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் பாவி!

டிசம்பர் 5

வாசற்படியில் மூன்று செங்கல் இருந்தன. எல்லாம் பழைய காலத்து ஜெர்மன் செங்கல், கனமானவை. கோஸ்த்யா விடியற்காலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஊரைச் சுற்றி இடிந்து கிடக்கிற பழைய வீடுகளிலெல்லாம் தேடுகிறானாம், நாய்க்கால் பதிந்த கல் ஒன்று கிடைக்காதா என்று. இது கால்தடம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்ததையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறான். ஒன்றில் இலை விழுந்த தடம். ஒன்றில் யாரோ கட்டைவிரலை அழுத்தியிருக்கிறார்கள்.

நீனாம்மா எட்டிப் பார்க்கவே இல்லை. நான் பால் வாங்கப் போகும்போது தாண்டிப் போனேன். வரும்போதும் தாண்டித்தான் வந்தேன்.

டிசம்பர் 8

செங்கல் கூடிக்கொண்டே போகிறது. வீடு கட்டுகிற வாசல் மாதிரி இருக்கிறது. இன்று இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் சாதத்தைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

"அடிப்பாவி. ராஜா அரண்மனையப் புளி போட்டா தேய்ச்சே?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"இப்போ போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த அம்மா வீட்டக் காலி பண்ணுன்னா இந்தக் குளிர்ல எங்க போய் வீடு தேடுவே? இன்னொண்ணும் கேளு. கோஸ்த்யாவ இன்னைக்கு வழியில பார்த்தேன். ஒரு வாரமா ஒரு சொட்டுத் தொடலையாம். கை நடுங்குது, ஆனா கண்ணு தெளிவா இருக்கு. எந்தச் சாமியாலயும் முடியாதது. நீ போய் அவன் உடைக்கலன்னு சொன்னேன்னு வை, அன்னைக்கு ராத்திரியே பாட்டிலத் திறப்பான். வேணுமா உனக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. ரொம்ப நியாயம். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் ஒருத்தன் திருந்துகிறான் என்றால் நான் செய்தது ஒரு வகையில் நல்லதுதான்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சீ.

டிசம்பர் 11

பால் கடை முன்னால் கோஸ்த்யா டாக்ஸியை நிறுத்தி ஏற்றிக்கொண்டான். காசு வேண்டாம் என்றான். நகக்கண்ணெல்லாம் செங்கல் தூசி. அந்த நிறம் எனக்குத் தெரியும்.

"அப்பாவும் நானும் பேசிக்கிட்டதே இல்லை" என்றான். "சின்ன வயசுல அந்தக் கல்லை எட்டி உதைச்சு விளையாடுவேன். ஒரு தடவை பலமா அறைஞ்சாரு. ஒரு செங்கலுக்கா அடிக்காருன்னு வருஷக்கணக்கா வன்மம் வச்சிருந்தேன். இப்போதான் தெரியுது. குடிவெறியில அந்த வன்மம்தான் உடைச்சிருக்கும் போல."

இல்லை தம்பி, நான் விளக்கு தேய்த்தேன். இவ்வளவுதான் வாக்கியம். ரஷ்யனில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளே போதும். வீடு வந்துவிட்டது. "ஸ்பசீபா" என்று நன்றி சொல்லி இறங்கினேன்.

டிசம்பர் 13

கிடைத்துவிட்டது! ஏதோ ஒரு இடிந்த பண்ணைவீட்டில், குதிரைக் கொட்டடித் தரையில். நிஜமான நாய்க்கால், நான்கு விரலும் உள்ளங்காலும். கோஸ்த்யா கதவைத் தட்டித் தட்டி, "அம்மா, நாயி! அம்மா, நாயி!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினான். நீனாம்மா கதவைத் திறந்தாள். கல்லைப் பார்த்தாள், மகன் கையில் ரத்தம் கட்டியிருந்ததைப் பார்த்தாள், அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

முடிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நாளைக்குப் பாதிக் கல்லையும் இந்தக் கல்லையும் அரண்மனைப் பள்ளத்தில் போடப் போகிறார்கள். எங்களையும் கூப்பிட்டாள். "நீயும் எங்க கஷ்டத்தைப் பார்த்தவ மகளே. நீ வரணும்."

சப்பாத்தி கருகிவிட்டது.

டிசம்பர் 14

எழுதத்தான் வேண்டும்.

அரண்மனை இருந்த இடத்தில் தோண்டிய பள்ளம், சுற்றிக் கம்பிவேலி, பார்க்க வருகிறவர்கள் நிற்க ஒரு மரமேடை. குளிர்காலத்தில் ஒருத்தரும் இல்லை. கீழே பனிக்கு நடுவே சிவப்புச் செங்கல் சுவரின் அடிப்பாகம் வளைந்து போவது தெரிந்தது. ராஜா முடிசூட்டிய இடம் அவ்வளவுதான் மிச்சம். நீனாம்மா பையிலிருந்து பாதிக் கல்லை எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தாள். கோஸ்த்யா தன் கல்லைப் பக்கத்தில் வைத்தான். நானும் இவரும் பின்னால் நின்றோம்.

நீனாம்மா பள்ளத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "வாஸ்யா, நீ கேட்டதைக் கொண்டு வந்திருக்கேன். முழுசா இல்ல. நம்ம பையன் குடிச்சிட்டு உடைச்சிட்டான். அதுக்குப் பதிலா இன்னொண்ணு தேடிக் கொண்டாந்திருக்கான். நீ அவனை..."

கோஸ்த்யா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். செத்த அப்பாவுக்கு முன்னால், செய்யாத தப்புக்கு.

"அவர் உடைக்கல" என்றேன். இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். "நான் உடைச்சேன். பித்தளை விளக்கு தேய்க்க. பொடியாக்கித் தேய்ச்சேன்."

நீனாம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்ல வைத்தாள். பொடியாக்குவதற்கு ரஷ்யனில் வார்த்தை தெரியாமல் கைகளால் உருட்டிக் காட்டினேன். அந்தக் கேவலத்தை என்னவென்று எழுத.

"அந்தப் பொடி எங்க?"

"தண்ணியில போயிட்டு."

கோஸ்த்யா என்னைப் பார்த்தான். "அப்போ நான் இல்லையா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். "நான் இல்லையா?" என்று மறுபடி கேட்டான். தொப்பியைப் போடாமலே மேடையை விட்டு இறங்கி நடந்தான். தோள் குலுங்கியது, சிரித்தானா அழுதானா தெரியவில்லை. நீனாம்மா இரண்டு கல்லையும் பைக்குள் போட்டுக்கொண்டு, "கோஸ்த்யா! கோஸ்த்யா!" என்று கூப்பிட்டபடி பனியில் வழுக்கி வழுக்கி அவன் பின்னால் ஓடினாள். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 16

கீழ்வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. வீட்டைக் காலி பண்ணவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

காலையில் கோஸ்த்யா வந்து வாசலில் குவிந்திருந்த செங்கல்களை டிக்கியில் ஏற்றினான். ஒன்றை மட்டும் மாடிக்குத் தூக்கிவந்து எங்கள் கதவுக்கு முன்னால் வைத்தான்.

"விளக்கு தேய்க்க" என்றான். "இதுக்குச் சொந்தக்காரன் யாரும் இல்ல. நல்லா விசாரிச்சிட்டேன்."

குத்தலா, கேலியா, மன்னிப்பா, ஒன்றும் விளங்கவில்லை. மூன்றும் இருந்திருக்கும். வாடை வருகிறதா என்று மூக்கு தானாக அவன் பக்கம் போனது. அவன் கவனித்துவிட்டான்.

"அன்னைக்கே ஒரு பாட்டில் வாங்கிட்டேன்" என்றான். "இன்னும் திறக்கல."

இன்னும் என்றுதான் சொன்னான்.

டிசம்பர் 19

மத்தியானம் நீனாம்மா கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. "விளக்கைக் காட்டு" என்றாள். கட்டிலடியிலிருந்து எடுத்துச் சேலையைப் பிரித்துக் காட்டினேன். விரலால் தண்டைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கே" என்றாள். "கோட்டு மாட்டிக்கோ. கிளம்பு."

பாதிக் கல்லை என் கையில் கொடுத்தாள். டிராமில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாய்க்கால் கல் எங்கே என்று நான்தான் கேட்டேன். "அது அரண்மனைக் கல் இல்ல. அது என் பையன் கொண்டாந்தது. கதவுக்கு முட்டா வச்சிருக்கேன். நீ தொடாதே" என்றாள்.

மேடையில் பனி கெட்டியாக உறைந்திருந்தது. "அவருகிட்ட நீயே சொல்லு" என்றாள். "உன் பாஷையில சொல்லு. அரைகுறை ரஷ்யன்ல சொன்னா அவருக்குக் கோபம் வரும்."

கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சத்தமாகத்தான் சொன்னேன், தமிழ் புரிய அங்கே யாரும் இல்லை.

"தாத்தா, விளக்கு தேய்க்க எடுத்தேன். உங்க கல்லுன்னு சத்தியமாத் தெரியாது. தெரிஞ்ச பிறகு, உங்க பிள்ளை தலையில விழட்டும்னு பேசாம இருந்தேன். தெரிஞ்சேதான் இருந்தேன்."

கல்லை விட்டேன். அடிச்சுவர் ஓரத்தில் பனிக்குள் விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீனாம்மா அதை வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள்.

ரஷ்யனில் சொன்னேன். முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாவது பாதியை மட்டும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். படி வழுக்கும் என்பதற்காகத்தான் இருக்கும். "டிராம் வருது, வேகமா வா" என்றாள்.